தம்பிஐயா ஊற்றிய தண்ணீர்

தம்பிஐயா வாளியைத் தூக்கியவுடன் கலனுக்குள் சரித்துவிட மாட்டார். முதலில் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாய்க்குள் விட்டு, கன்னம் இரண்டும் உப்ப அலசி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். அதற்குப் பிறகுதான் கலன் நிறையும். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற பிள்ளையார் கோயில் கிணற்றடியில் காலையில் யார் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நேற்றும் இதே கிணறுதானே, இன்றைக்கு என்ன சந்தேகம் என்று கேட்டால், "மழை பெய்தால் மாறும், பக்கத்துத் தோட்டத்துக்கு உரம் போட்டால் மாறும். தண்ணியைப் பாத்துத்தான் குடிக்கவேணும்" என்பார்.

அவருடைய வீட்டுக் கிணறு சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, தேநீர் போட்டால் நிறம் கறுத்துவிடும். கலியாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்த புதிதில் மனைவி தவமலர் முதற் தேநீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்திருக்கிறாள். சுளித்ததைப் பார்த்த தம்பிஐயா மறுநாள் சைக்கிளின் கரியரில் கலனைக் கட்டினார். அன்று தொடங்கிய ஓட்டம். இப்போது கலன் இரண்டு. ஒன்று குசினியில் குடிக்கவும் சமைக்கவும், மற்றது காருக்கு. கலன்கள் நிறைந்துவிட்டால் சைக்கிளில் ஏற மாட்டார், தள்ளிக்கொண்டே வருவார். ஒழுங்கையில் எதிரே யார் வந்தாலும் நின்று கதைக்க மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.

கார் அவருடைய பிழைப்பு. யப்பானிலிருந்து வந்த பழைய கார், ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. கலியாணவீடு, கோயில், ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று வாடகைக்கு ஓடுவார். வெளுத்த சாரமும் மடிப்புக் குலையாத சேட்டும் போட்டிருப்பார். ஏறுகிறவர்களுக்குக் கதவைத் தானே திறந்துவிடுவார், தானே சாத்துவார். மற்றவர்கள் சாத்தினால் அடித்துச் சாத்துவார்கள் என்ற பயம். எஞ்சின் சூடேறாமல் இருக்க ஊற்றுவதும் கோயில் கிணற்றுத் தண்ணீர்தான். "எங்களுக்குச் சோறு போடுற வாகனம். அதுக்குச் சவர்த் தண்ணியை ஊத்துறதோ?" என்று கேட்பார். எஞ்சினைக் குளிரவைக்கக் கூலன்ற் என்று ஒன்று கடையில் இருக்கிறது, அதை ஊற்றுங்கோ அண்ணை என்று மெக்கானிக் சுதாகரன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அவர் கேட்டதில்லை. சாயத்தைக் கரைத்துப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள் என்பது அவருடைய கட்சி.

செத்தவீடானாலும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடானாலும் போய் இருந்ததும் தண்ணீர் கேட்பார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "சவர் லேசாய் எட்டிப் பாக்குது. ஆனாலும் குடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை மானிப்பாயில் ஒரு கலியாணவீட்டில் பெண்ணின் தாய்மாமன் அவரைத் தூரத்தில் கண்டதுமே பிள்ளைகளிடம், "அந்தாளுக்குச் சோடாவைக் குடுங்கோ. தண்ணியைக் குடுத்தால் எங்கடை மானம் போயிடும்" என்றாராம். அந்தக் கதையைத் தம்பிஐயாவே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

தவமலருக்குக் கிட்னி பழுதாகி இரண்டு வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வருத்தம் ஏன் வந்தது, எப்படி வந்தது என்று டொக்டர் அவளுக்கு விளங்கப்படுத்திய நாளில் தம்பிஐயா வெளியே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். பிறகும் அவர் கேட்கவில்லை. கிழமையில் இரண்டு நாள் கொண்டுபோக வேண்டும், கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. அதை வேறு யாரிடமும் விடமாட்டார். திரும்பி வரும்போது அவள் துவண்டுபோய்ப் பின்சீற்றில் படுத்துவிடுவாள். ஆனைக்கோட்டை வீதியில் எந்தக் குழியை இடப்பக்கமாய் விலத்த வேண்டும், எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் அவளுடைய தலை ஆடாது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஒருமுறை பஸ்ஸில் போய் அவள் மயங்கி விழுந்ததை அவர் மறக்கவில்லை.

வருத்தத்தோடு வந்த இன்னொரு தண்டனை தண்ணீருக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அளந்து சொல்லிவிட்டார்கள். காலையில் தம்பிஐயா ஒரு எவர்சில்வர் பேணியில் அந்த நாளுக்கான தண்ணீரை ஊற்றித் தட்டால் மூடி வைப்பார். அவள் மிடறு மிடறாய்ப் பொழுதுபடும்வரை வைத்துக் குடிப்பாள். ஒரு வெக்கை நாளில் இன்னும் ஒரு மிடறு தாங்கோ என்று அவள் கேட்க, மனம் பொறுக்காமல் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் அவளுடைய கால் இரண்டும் வீங்கியிருந்தன. அதன் பிறகு அவள் கேட்டதில்லை. கலன் மட்டும் முன்போலவே நிறைந்து வருகிறது.

கார் ஒரு மாதமாகவே சரியில்லை. காலையில் ஸ்ராட் பண்ணினால் எஞ்சினின் முன்பக்கம் கறகறவென்று அரைக்கும். முன்பெல்லாம் சூடானதும் நின்றுவிடும் சத்தம், பிறகு நிற்கவேயில்லை. வீட்டுப் படலைக்கு வர முன்னரே ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும். நிறுத்திய இடத்தில் தண்ணீரும் சொட்டியது. தம்பிஐயா இன்னும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். சென்ற வெள்ளிக்கிழமை ஆனைக்கோட்டையில், தவமலர் பின்சீற்றில் இருக்க, எஞ்சினின் சூட்டைக் காட்டுகிற முள்ளு மேலே ஏறி, முன்பக்கத்திலிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பிக் கார் நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய முறை வேறொருவருக்குப் போயிருந்தது. பொழுது சாய்ந்து அடுத்த முறை கிடைக்கும்வரை மரவாங்கில் காத்திருந்தாள். மூச்சு வாங்கியது. தம்பிஐயா அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றார், வாங்கில் இருக்கவேயில்லை.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு சுதாகரனின் கராச்சுக்குப் போனார். சுதாகரன் அதிகம் கதைக்காதவன். முன்பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான், பம்பின் கப்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். வோட்டர் பம்ப் போய்விட்டது, எஞ்சினுக்குள் ஓடுகிற ரைமிங் செயினும் இழுபட்டுத் தொங்குகிறது என்றான். பம்பைக் கழற்றினால்தான் கவர் வரும், கவர் வந்தால்தான் செயின் தெரியும், ஆகவே திறந்ததோடு இரண்டையும் மாற்றிவிடுவோம் என்றான்.

"செவ்வாய் விடியக் கார் வேணும், தம்பி."

"திங்கள் பின்னேரம் தருவன் அண்ணை. நீங்கள் வீட்டை போங்கோ."

அவர் போகவில்லை. ஒரு பழைய ரயரின் மேல், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீதியைப் பார்த்து இருந்தார். ஆஸ்பத்திரியில் தவமலரை மறைப்புத் துணிக்குப் பின்னால் கொண்டுபோனதும் அவர் இருக்கிற இருப்பும் இதேதான். ஸ்பனர் விழுகிற சத்தம் கேட்டால் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கும்.

பம்ப் கழன்று வந்தபோது சுதாகரன் அவரைக் கூப்பிட்டான். தண்ணீரைத் தள்ளுகிற சிறகுகள் தெரியவில்லை. எல்லாவற்றையும் மூடி வெள்ளையாய், முட்டைக்கோதுபோலத் தடித்த ஒரு படை. திருப்புளியால் தட்டினான். படை படையாய்க் கழன்று விழுந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடுகிற வழிகளிலும் விரலை விட்டுக் காட்டினான். அங்கும் அதே வெள்ளை.

"என்ன தண்ணியண்ணை ஊத்தினனீங்கள்?"

"கோயில் கிணத்துத் தண்ணி. நானும் மனிசியும் குடிக்கிற தண்ணி..." என்று வழக்கமான பெருமையோடு தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சுதாகரன் அதைக் கவனிக்கவில்லை. எங்கடை நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணீர் எவ்வளவு ருசியாய் இருந்தாலும் அதற்குள் கல் கரைந்திருக்கும், கொதிக்கக் கொதிக்கப் படியும், உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கோ என்று பேச்சோடு பேச்சாய்ச் சொல்லிக்கொண்டு துடைத்தான். தம்பிஐயா விழுந்த துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தார். பெருவிரலால் தடவினார். சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். பிறகுதான் கேட்டார்.

"மனிசருக்குள்ளையும் இப்பிடிப் படியுமோ, சுதா?"

சுதாகரன் நிமிர்ந்து பார்த்தான். அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்பது அவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தான். "எனக்கு எஞ்சின்தான் தெரியும் அண்ணை. அதை டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்றான்.

திங்கட்கிழமை புதுச் செயின் ஏறியது. மேலும் கீழும் இருக்கிற பற்சில்லுகளில் குறிகள் உண்டு. செயினில் நிறம் மாறிய கண்ணிகள் அந்தக் குறிகளுக்கு நேரே வந்து விழ வேண்டும். சுதாகரன் தம்பிஐயாவிடம் லைற்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். "ஆட்டாதையுங்கோ அண்ணை. ஒரு பல்லு மாறி விழுந்தாலும் உள்ளுக்கை அடிபட்டுப்போம்" என்றான். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு சுதாகரன் ஸ்பனரைப் போட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினான். எங்கும் தட்டவில்லை. குறிகள் சுற்றிவந்து நேரே நின்றன. றேடியேற்றருக்கு ஊற்றுகிற நேரம் வந்தபோது, பகிடியாய், "என்னண்ணை, சாயத் தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டான். சண்டை ஒன்றை எதிர்பார்த்தே கேட்டான்.

"ஊத்து" என்றார் தம்பிஐயா.

ஸ்ராட் பண்ணியபோது கறகறப்பு இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று அவர் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

அந்தச் சத்தமின்மையோடுதான் பின்னேரம் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒழுங்கைக்கே கேட்கிற சத்தம் இல்லாததால் தவமலருக்கு அவர் வந்தது தெரியவில்லை. வீட்டைச் சுற்றிக் குசினிப் பக்கம் போனவர் வேலிக்கரையில் நின்றுவிட்டார். அவள் கலனைச் சரித்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஏந்தினாள். வாய்க்குள் விட்டாள். கன்னம் இரண்டும் உப்ப அலசினாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு, ஒரு துளியும் விழுங்காமல், வாழையடியில் துப்பினாள். தம்பிஐயா வந்த வழியே திரும்பிப் போனார். காருக்குள் ஏறி இருந்தார். பிறகு இறங்கி, யாரையும் அடித்துச் சாத்த விடாத அந்தக் கதவை, அவளுக்குக் கேட்கட்டும் என்று தானே ஓங்கிச் சாத்தினார். உள்ளேயிருந்து, "வந்திட்டியளோ?" என்று குரல் வந்தது.

செவ்வாய் காலையில் அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. தவமலர் அன்று பின்சீற்றில் ஏறாமல் முன்னால் வந்து இருந்தாள். சங்குவேலி தாண்டியதும் கேட்டாள்.

"இண்டைக்கு ஏன் தண்ணிக்குப் போகேல்லை?"

அவர் பொக்கற்றுக்குள் கையை விட்டு அந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார். எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது என்றார். கிணற்றுத் தண்ணீரில் இருந்த கல் என்றார். சுதாகரன் சொன்னதையெல்லாம் ஒழுங்கில்லாமல் சொன்னார். வீதியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தத் தண்ணியைத்தானே இவ்வளவு வருசமும் உமக்கும் தந்தனான்."

தவமலர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவள் சிரிப்பது அவருக்குக் கேட்டது.

"எங்கை என்ன நடந்தாலும் உங்கடை தண்ணிக்கு அதிலை ஒரு பேர் வரவேணும், என்ன?"

"பகிடி விடாதையும்."

"டொக்டர் எனக்கு வடிவாய்ச் சொன்னவர், சீனி வருத்தந்தான் கிட்னியைத் திண்டதெண்டு. சீனியைப் போட்டுக் குடிச்சது நான். நீங்கள் வேணுமெண்டால் இண்டைக்கு உள்ளுக்கை வந்து கேளுங்கோ." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "நாளைக்குக் கிணத்தடிக்குப் போங்கோ. குடிக்கிறது ஒரு பேணி. அது அந்தத் தண்ணியாய் இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். கையால் மூக்கைத் துடைத்தார். சன்னல் வழியே அவள் அந்தத் துண்டை வேலியோரமாய் எறிந்தாள்.

ஆனைக்கோட்டை வந்தது. வெள்ளிக்கிழமை கார் நின்ற இடம். தம்பிஐயாவின் கண் சூட்டு முள்ளுக்குப் போனது. முள்ளு இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. வீதியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். முன்னால் போன சைக்கிளை விலத்தினார், மறுபடி முள்ளைப் பார்த்தார். தவமலர் ஊசி ஏற்றித் தழும்பான இடக்கையை மடியில் வைத்தபடியே, வலக்கையை நீட்டி, முள்ளுக் கண்ணாடியை உள்ளங்கையால் மூடினாள். பெரியாஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.