மெத்தைக்குப் போட்ட பெல்ட்

ஐயாந்தி பிளென்மன் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தீவில் பிரிட்ஜ்டவுனுக்கும் ஸ்பைட்ஸ்டவுனுக்கும் இடையே அரசு பஸ் ஓட்டியவள். குள்ளம், நல்ல பருமன். கூப்பிட்டால் டிப்போவின் மறுகோடிக்குக் கேட்கும். அந்த டிப்போவில் நான் சங்கச் செயலாளர். ஓட்டுநர் இருக்கை முதுகை ஒடிக்கிறது என்று ஒருமுறை துண்டுப் பிரசுரம் போட்டேன். ‘முதுகெலும்பு இரும்பல்ல’ என்று தலைப்பு. நிர்வாகம் பதில் எழுதுவதற்குள் ஐயாந்தி தனக்கு ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்து பஸ்காரருக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் டிப்போ முழுக்க மெத்தை. கோரிக்கை செத்தது. அவள்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் எனக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு ஒரே ஆசை. செயின்ட் பிலிப் பக்கம் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் அதில் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. தன் பழைய ஸ்டார்லெட் காரை அங்கே ஓட்டிவிட வேண்டும் என்றாள்.

“இந்த வயசுல உனக்கெதுக்கு இது?” என்று கேட்டேன்.

“காலம்பூரா வண்டிய எடுத்தா பின்னாடி எவனாச்சும் மணி அடிப்பான். ரொட்டிக் கடைல நிறுத்து, சர்ச்சுல நிறுத்து. ஒரு தடவையாச்சும் எவனும் மணி அடிக்காம ஓட்டணும். போதுமா தோழரே? இதையும் நோட்டீஸ் அடிச்சு ஒட்டிராதீங்க.”

அவள் புருஷன் டெகோர்சி வெல்டர். ஆறு பட்டை பெல்ட் போடாமல் தடத்துக்கு அனுப்பமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடையிடுக்குக்கு இரண்டு. எல்லாம் வயிற்றருகே ஒரு வட்டப் பூட்டில் சேரும். பந்தய இருக்கை ஒன்றைப் பொருத்தி, அதன் பின்னால் கூண்டுக் கம்பி அமைத்தான். தோள் பட்டைகளைக் கட்ட அதில் குறுக்காக இன்னொரு கம்பி. தரையில் போல்ட் பிய்த்துக்கொண்டு வராமலிருக்க அடியில் தடித்த தகடு. வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை.

அளவெடுக்க ஐயாந்தியைக் காரில் உட்கார வைத்தான். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறக்கூடாது, எலும்பில் உட்கார வேண்டும். டெகோர்சி விரலால் தேடினான்.

“யோவ், எங்கய்யா போற?”

“எலும்பத் தேடுறேன்டி.”

“கல்யாணமானப்ப இருந்துச்சே, எங்க தொலைச்ச?”

“நீதான் மீனும் கூகூக் களியும் தின்னு மூடி வச்சிருக்க. அசையாம உக்காரு.”

ஒருவழியாக எலும்பு கிடைத்தது. பட்டைகள் அழகாகப் படிந்தன. இத்தனையும் நடக்கும்போது அவள் தன் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். பஸ்காரருக்கு மெத்தை உடம்பில் ஒரு பாகம். ஏறும்போதே கை அதைப் போட்டுவிடும். அவளும் நினைக்கவில்லை, அவனும் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தடத்தில் கார்களைச் சோதிப்பவர் கேஸ்கின். ஒல்லியான, சிரிக்காத மனிதர். பட்டைகளை இழுத்துப் பார்த்தார். போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஐயாந்திக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“அம்மா, இது என்ன?”

“மெத்தை.”

“எடுங்க.”

எடுத்தாள். உடம்பு கீழே இறங்கியது. தோள் பட்டைகள் தோளைத் தொடாமல் மேலே எழும்பி நின்றன. இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறியது. அவள் கண் ஸ்டியரிங் வளையத்தின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது.

“இது உங்களுக்குப் போட்ட பெல்ட் இல்லம்மா. மெத்தைக்குப் போட்ட பெல்ட்.”

“மெத்தையோடயே ஓட்டிக்கிறேன். அம்புட்டு வருசம் ஓட்டல?”

“பஸ்ல ஓட்டிருப்பீங்க. இங்க மெத்தையோட விடமாட்டேன்.”

நான் சும்மா இருப்பேனா? நேரே போனேன். ஓய்வுபெற்ற தொழிலாளி, ஒரே ஆசை, விதி என்பது மனிதனுக்காகத்தானே என்று ஆரம்பித்தேன். கேஸ்கின் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மெத்தையை என் கையில் கொடுத்தார்.

“அமுக்குங்க சார். நல்லா.”

அமுக்கினேன். கை அடிவரை போனது.

“வண்டி எங்கயாச்சும் மோதினா முதல்ல இது அமுங்கும். பட்டை தளரும். அம்மா பெல்ட்டுக்கு அடியில வழுக்கிப் போயிருவாங்க. வயிறு கிழியும். விடட்டுமா?”

வாழ்நாளில் எத்தனையோ மேசைகளுக்கு எதிரே உட்கார்ந்து வாதாடியிருக்கிறேன். தோற்று, கையில் மெத்தையோடு திரும்பி வந்தது அன்றுதான்.

ஐயாந்தி காரிலிருந்து இறங்கி, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி முடங்கினால் டெகோர்சிக்குத் தாங்காது.

“எந்திரி. மெத்தைமேல ஒரு தடவை உக்காரு.”

“எதுக்கு? வேடிக்கை பாக்கவா?”

“உக்காருடி.”

காரில் உட்கார்ந்தாள். அமுங்கின மெத்தையின் உயரத்தைக் கட்டைவிரல் வைத்து அளந்தான். இருக்கையைக் கழற்றினான். பக்கத்து டிரெய்லர்காரரிடம் சதுர இரும்புக் குழாய் ஒன்றை வாங்கி அந்த உயரத்துக்கு நாலு துண்டாக அறுத்தான். நீள போல்ட்டுக்காக நான் ஒவ்வொரு கூடாரமாகப் பிச்சை எடுத்தேன். நன்கொடை வசூலித்த பழக்கம் உதவியது. இருக்கைக்கு அடியில் குழாய்களை வைத்து முறுக்கினான். மெத்தை தூக்கிய உயரத்தை இப்போது இரும்பு தூக்கியது. இரும்பு அமுங்காது.

கேஸ்கின் மறுபடி குனிந்து பார்த்தார். இழுத்தார். ஆட்டினார். தோள் பட்டை மட்டமாகப் பின்னால் போனது. இடுப்புப் பட்டை எலும்பில் படிந்தது.

“இன்னைக்குக் கடைசி முறை மிச்சமிருக்கு, கொடி இறக்குற வரைக்கும் ஓட்டலாம். ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போங்கம்மா.”

போனாள். முதல் வளைவில் பஸ் திருப்புவதுபோல அகலமாகத் திருப்பினாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்த வளைவில் யாரும் சிரிக்கவில்லை. டெகோர்சி வேலியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை.

திடீரென்று கார் தடத்தை விட்டு உள்ளே வந்து நின்றது. நாங்கள் இருவரும் ஓடினோம்.

“என்னடி ஆச்சு? வலிக்குதா?”

“பட்டை தளர்ந்துபோச்சு. இழு.”

இழுத்தான்.

“இன்னும்.”

“மூச்சு முட்டும்டி.”

“மூச்ச நான் பாத்துக்கிறேன். நீ இழுய்யா, கொடி இறக்கிருவான்!”

டெகோர்சி காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். அவன் கையை முழுசாக வெளியே எடுப்பதற்குள் அவள் கியரைப் போட்டுவிட்டாள்.