கை பட்ட பனி

தெருவில் அவளுக்கு ஐஸ்காரி என்று பெயர். ஐஸ் விற்கிறாள் என்று நம்பி வாசலில் வந்து நின்று ஏமாந்த பிள்ளைகளும் உண்டு. அவள் வேலையே வேறு. துருவத்தில் மைல் கணக்கான ஆழத்துக்கு உறைந்து கிடக்கும் பனியைத் துளைத்து, உருளை உருளையாக எடுத்துக் கப்பலேற்றி அனுப்புவார்கள். ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையில், கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிய நின்று அவற்றை அறுத்துக் கொடுப்பவள் அவள். உள்ளே என்றோ வெடித்த எரிமலையின் சாம்பல் இருக்கும். நம் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் மூச்சுவிட்ட காலத்துக் காற்று குமிழ் குமிழாக அடைபட்டிருக்கும். ஆய்வாளர்களுக்கு வேண்டியது அதுதான்.

அறுப்பதற்கு முன் உருளையின் மேல்புறத்தைச் சுற்றிலும் ஒரு விரற்கடை சீவி எறிந்துவிட வேண்டும். மனிதக் கை பட்ட இடம் அவர்கள் கணக்கில் அழுக்கு.

அந்தக் கை பெரும்பாலும் அவள் புருஷனுடையது. துளையிடும் இயந்திரம் அவன் பொறுப்பு.

"நான் தொட்டதையெல்லாம் சீவிக் குப்பையில போடுறியாமே, நல்ல பொண்டாட்டிதான்" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் வம்பிழுப்பான்.

"நீங்க கையுறையோட தொடுங்க, அப்புறம் பேசலாம்" என்பாள் இவள்.

போன பருவத்தில் பனிப்பிளவு ஒன்று அவனை விழுங்கிவிட்டது. ஆழம் தெரியவில்லை, இறங்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். மாமியார் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "மண்ணுக்குள்ள போனா மக்கிடுவான். பனியில அப்படியே இருப்பானாமே, தூங்குற மாதிரி?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்று மருமகளுக்குத் தெரியும். ஆனாலும் "ஆமா அத்தை" என்று தலையாட்டிவைத்தாள்.

அவன் கடைசியாக எடுத்த உருளைகள் மாதக்கணக்கில் கடல் கடந்து வந்து சேர்ந்தன.

"இதை வேற யாராவது பாத்துக்கட்டும்மா" என்றார் தலைமை ஆய்வாளர்.

"இல்ல மேடம், நானே பண்ணிடறேன்."

முதல் உருளையிலேயே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வெறும் விரல் பட்டு, லேசாக உருகி, மறுபடி உறைந்த பள்ளம். எத்தனை தடவை சொன்னாலும் கேட்காத மனுஷன் கடைசிவரை கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு தன் கையுறையையும் கழற்றி, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தாள். விரல் மரத்துப்போகும்வரை எடுக்க மனம் வரவில்லை.

சீவத்தானே வேண்டும்? சீவினாள். பள்ளம் இருந்த துண்டை மட்டும் குப்பையில் போடாமல் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினாள்.

வீட்டுக்கு வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. "அவர் கை பட்டது, அத்தை" என்று டப்பாவை நீட்டினாள். மாமியார் ஆசையாக இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். விட்ட வேகத்திலேயே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு குளிருமா?"

"இதைவிட அதிகம், அத்தை."

"இதுக்குள்ளயா எம்புள்ள கெடக்கான்? போத்திக்கக்கூட ஒண்ணும் இல்லாம?"

தூங்குகிறான் என்று இனி அவர்கள் இருவராலும் சொல்லிக்கொள்ள முடியாது. டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.