எந்தச் சேனலிலும் வராத கதை

“ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுபோற விஷயத்துக்கு எத்தனை மாசம்தான் அழுவாளுங்க இவளுங்க!”

மாடிவீட்டு டெய்லரக்கா டி.வி.யைப் பார்த்து தினமும் இப்படித்தான் திட்டுவார். ஏழு மணி சீரியலில் புருஷன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பது பெண்டாட்டிக்குத் தெரியாது. அவள் மாசமாக இருப்பது அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லார் கையிலும் விலை உயர்ந்த போன் இருக்கும். பேசத்தான் மாட்டார்கள்.

நான் கீழ்வீட்டுக்காரி. சாயங்கால வேலை முடிந்ததும், மறுநாளைக்கு நறுக்க வேண்டிய பீன்ஸை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவேன். என் வீட்டில் அந்த நேரத்தில் ரிமோட் என் வீட்டுக்காரர் கையில். நாலு பேர் ஒரே சமயத்தில் கத்துகிற செய்தி விவாதம்தான் அவருக்கு வேண்டும். அதற்கு மாமியார் மருமகள் சண்டை எவ்வளவோ தேவலை. ஒருத்தி கத்தும்போது இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு முறைக்கவாவது செய்கிறாள்.

முன் அறையில் அக்காவின் மெஷின். அதற்கு எதிரே டி.வி. வசனம் வரும்போது கையால் பட்டன் தைப்பார். விளம்பரம் வந்ததும் கடகடவென்று மெஷினை மிதிப்பார். எங்கள் தெருப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாம் சோப்பு விளம்பரத்தில் தைத்ததுதான்.

“அங்க பாரு, ஏழு மணிக்குப் பணக்கார வீட்டுல தொங்கின திரை, எட்டு மணிக்கு ஏழை வீட்டுல தொங்குது. துவைச்சாவது போட்டிருக்கலாம்” என்பார். சதிகாரி தனியாக நின்று திட்டத்தை உரக்கச் சொல்லும்போது, “இவ தனியா பேசினா கதை. நான் தனியா பேசினா, டாக்டர்கிட்ட காட்டணும்கிறா என் மருமக” என்பார்.

எனக்கும் அந்தக் கதைகள்மேல் பெரிய மரியாதை கிடையாது. அந்தப் பெரிய பெரிய சமையலறைகளில் யாரும் பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததில்லை. தூங்கி எழுந்தால் ஒருத்திக்கும் தலை கலைவதில்லை. ஆனாலும் ஒரு நாள் விடாமல் பார்த்தேன். அக்கா திட்டுவதைக் கேட்கத்தான்.

அக்காவின் மகன் மனைவியோடு அதே வீட்டில் இருந்தான். மகள் வெளிநாட்டில் நர்ஸ். தினமும் ஒரு சீரியல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அவள் போன் வரும். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு அன்றைய கதையைச் சொல்வார். அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே “அப்புறம்?” என்பாள். மற்றபடி சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

போன மழைக்காலத்தில் மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வீட்டை விற்றுவிட்டு அங்கே குடியேறலாம் என்றான். அம்மா கூட வரவேண்டும், மெஷின் வரக்கூடாது.

“அந்தச் சத்தத்தை அங்க யாரும் பொறுத்துக்க மாட்டாங்க அத்தை. நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றாள் மருமகள்.

அக்காவின் புருஷன் சாகும் முன்பே வீட்டைப் பிள்ளைகள் இருவர் பேரிலும் எழுதிவிட்டார். மகள் வேண்டாம் என்றால் வீடு நிற்கும். அக்காவுக்கு இருந்த ஒரே பிடி அதுதான். ஆனால் முன் அறைக்குக் கதவு கிடையாது. மகனும் மருமகளும் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். என் போனில் பேசுங்கள் என்றேன்.

“பெத்த புள்ளையப் பத்தி அடுத்தவங்க போன்ல கோள் சொல்லணுமா? நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.”

அன்று போன் வந்ததும் அக்கா மெஷினை நிறுத்தினார்.

“புதுசா ஒரு கதை ஆரம்பிச்சிருக்கான்டி. ஒரு அம்மா. சொந்தமா சின்னதா ஒரு தொழில். மகன் வீட்டை வித்துட்டு, தொழிலையும் விட்டுட்டு கூட வாங்கறான். அவளுக்கு இஷ்டமே இல்ல.”

“அப்புறம்?”

“மக தூரத்துல இருக்கா. அவ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இவளால வாயத் தொறந்து கேக்க முடியல.”

என் கையில் பீன்ஸ் அப்படியே நின்றது. அப்படி ஒரு சீரியல் எந்தச் சேனலிலும் வரவில்லை. எல்லா சீரியலும் எனக்கு அத்துப்படி. உள்ளே மகன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மகள் சிரித்தாள். “அந்தம்மாவுக்கு எவ்ளோ கொழுப்பும்மா! வயசான காலத்துல மகன் கூப்பிடறான், போய் நிம்மதியா உக்காராம தொழிலாம் தொழில்! நான் மகன் கட்சிதான்.”

“அப்படியா சொல்ற?”

“பின்ன? அது கிடக்கட்டும், ஏழு மணிப் புருஷன் கண்ணு முழிச்சானா?”

“முழிச்சுட்டான்” என்றார் அக்கா.

அவன் முழிக்கவே இல்லை.

மறுநாள் நானே அவளுக்குப் போன் போட்டேன். பூசி மெழுகாமல் சொன்னேன்.

“ஐயோ சித்தி, அம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே! அம்மா சந்தோஷமா கதை சொல்லிட்டிருக்காங்கன்னு நெனச்சுத்தான் அண்ணன்கிட்ட சரின்னுட்டேன்.”

“இப்ப வேணாம்னு சொல்லு.”

அவள் குரலைத் தாழ்த்தி, “அந்தப் பணத்தை நம்பி நானும் இங்க ஒரு வீடு பாத்துட்டேன் சித்தி. அம்மா மொதல்லயே நேரா சொல்லிருக்கலாம்ல?” என்றாள்.

பேச எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அக்கா என்மேல்தான் பாய்ந்தார். “உன்னை யாருடி தூது போகச் சொன்னது? இனிமே அவ எந்த முகத்த வெச்சிக்கிட்டு எங்கிட்ட கதை கேப்பா?” அவர் சொன்னதுபோலவே ஆனது. மகளின் போன் குறைந்தது. வந்தாலும் “மருந்து சாப்பிட்டியா?” என்பதோடு சரி. அதற்காக நான் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. மறுபடியும் அப்படித்தான் செய்வேன்.

சாமான் ஏற்றுகிற அன்று, தெருவே பார்க்க அக்கா, “நான் வரல” என்றார்.

“நாலு பேர் என்ன பேசுவாங்கம்மா?”

“பேசட்டும். டி.வி.ய நீயே எடுத்துட்டுப் போ. மெஷின்ல மட்டும் கைய வெச்ச, நடக்கறதே வேற.”

மெஷினின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தைப் பிடிக்க மகன் வரவில்லை, லாரிக்காரர்தான் வந்தார்.

இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே, சலவைக் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறார். வாசலில் பலகை கிடையாது, மெஷின் சத்தம்தான் அடையாளம். பகலில் ஆள் வந்து போகிறது. விளக்கு வைத்த பிறகு ஒருவரும் வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் நான் போகிறேன். அதற்கு மேல் என் வீட்டு வேலை விடுவதில்லை. கிழிந்த துணி இருந்தால் எடுத்துக்கொண்டு நீங்களும் ஒரு சாயங்காலம் போங்கள். இல்லையென்றால் வெறுங்கையோடு போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மகளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.