டாலாவில் மாட்டுத் தீவன மானியமும் மாரியம்மன் கையெழுத்தும்

யாங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டி டாலா பக்கம் மாட்டுத் தீவன மானியம் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன செவ்வாய்க்கிழமை நான் போய்வந்தேன். போயிருக்கவே வேண்டாம்.

அக்கா வீட்டுக்காரர் முத்தையா மச்சான் அங்கே ஐந்து கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். தீவனம் விற்கிற விலையில் அவருக்கு மூச்சு முட்டுகிறது. அரசு மானியத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அது வராவிட்டால் மாட்டை விற்றுத்தான் தீவனம் வாங்க வேண்டும். பர்மிய மொழி சரளமாகப் பேசுவார், எழுத வராது. படிவம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்.

காலை 7.15க்குப் படகு. எனக்கு இருநூறு கியாட், பத்து நிமிடத்தில் அக்கரை. மச்சான் துறையிலேயே காத்திருந்தார். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் சைக்காவில், அதாவது மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில். ஐயாயிரம் கேட்டவர் மூவாயிரத்துக்குப் படிந்தார். அந்தப் பாதையைச் சாலை என்று சொன்னவன் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

8.10க்கு அலுவலகம். ஊர்ப்பெயர் எழுதப் போவதில்லை. பத்தேகால் வரை ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு வந்த எழுத்தரின் பெயர் மா திரி; பாவம், நல்ல பெண். பட்டியலைப் புரட்டினார்.

"ஊ முத்தையா, உங்க பேர்ல ரெண்டு மாடுதான். மூணு மாடு டோ மாரியம்மா பேர்ல இருக்கு. ஒரே கொட்டகைன்னா எல்லா உரிமையாளரும் கையெழுத்துப் போடணும். அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

மச்சானைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"ஒங்க அக்கா படுத்த படுக்கையா கெடந்தப்ப அம்மனுக்கு நேர்ந்து விட்ட மாடுங்க. கணக்கெடுக்க வந்தவன் யார் மாடுன்னு கேட்டான். மாரியம்மா மாடுன்னேன். பொய் சொல்லச் சொல்றியா மாப்ளே?"

வந்தவன் யாரோ வயதான அம்மாள் என்று எண்ணி, ஆண்களுக்கு 'ஊ' போடுவதுபோல மரியாதையாக முன்னால் ஒரு 'டோ' போட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அட கடவுளே! வெள்ளிக்கிழமை பால் கோயிலுக்கு, மற்ற நாள் பால் இவருக்கு, சாணி அள்ளுவது முழுக்க இவர். ஆனால் மாடு மட்டும் அவளுடையதாம்.

மா திரிக்கு விளக்கினேன். கும்பிடு போட்டுக் கேட்டுக்கொண்டார். பட்டியலைத் திருத்த மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. 11.40க்கு அவரே ஒரு வழி சொன்னார்.

"அந்த அம்மா இறந்துட்டாங்க, நான்தான் வாரிசுன்னு எழுதிக் குடுங்க. வார்டுத் தலைவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். இன்னைக்கே அஞ்சு மாட்டுக்கும் பணம்."

சட்டென்று நானே எழுதி மச்சானிடம் நீட்டினேன். "காகிதத்துலதானே மச்சான், கையெழுத்தப் போடுங்க."

"ஒங்க அக்காவ எழுப்பி ஒக்கார வச்சவ செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

கெஞ்சினேன், திட்டினேன். நீங்கள் உருப்படவே மாட்டீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். மனுஷன் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். மூன்றரைக்குப் பதிவை மூடிவிட்டார்கள்; மானியம் போயிற்று. திரும்பும் படகில் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

போகிறவர்கள் சில்லறை கொண்டுபோங்கள், சோற்றையும் கட்டிக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு முன் போய்ப் பயனில்லை. மாடு கணக்கெடுக்க வந்தால், நேர்ந்து விட்டது எதுவானாலும் உங்கள் பெயரையே சொல்லுங்கள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். அம்மன் மாட்டை விற்கக் கூடாதென்று, மச்சான் தன் பெயரில் இருந்த இரண்டையும் தரகரிடம் ஓட்டிவிட்டு, மற்ற மூன்றுக்கும் தீவனம் வாங்கிப் போட்டாராம். அடுத்த பட்டியலில் முத்தையா என்ற பெயரே இருக்காது.

"அந்த மனுஷன்கிட்ட போனைக் குடு, நாலு வார்த்தை கேக்கணும்" என்றேன்.

"அப்புறம் பேசுடா" என்றாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்காரு."