முகவரி தெரியாதவர்கள்

பட்டம் பெற்ற வருடத்திலேயே என் வகுப்பில் இருந்த மற்றத் தமிழர்கள் நாலு பேரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். நான் மட்டும் எங்கள் இரசாயனப் பொறியியல் துறையிலேயே தற்காலிக உதவி விரிவுரையாளராக நின்றுவிட்டேன். வெளியே போக எனக்கும் வழி இருந்தது. ஆனால் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்தால் ஒருமுறை போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்து பிறகு யோசிக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே மூன்று வருடம் போனது.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு அன்ரியின் வீட்டு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிய பொலிஸ் பதிவுத் தாளை அன்ரி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசற்கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார். சோதனைக்கு வந்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். காலையில் அறையைப் பூட்டிவிட்டுப் போவேன், மாலையில் வந்து திறப்பேன். இடையில் தமிழில் ஒரு வசனம்கூடப் பேசாத நாட்கள் நிறைய இருந்தன.

துறைத்தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, துறையின் செய்திமடலை இனி நான்தான் தயாரிக்க வேண்டும் என்றார். "மற்றவர்களுக்கு வீடு, பிள்ளைகள் என்று வேலை இருக்கிறது. உமக்கு மாலையில் நேரம் இருக்கும்தானே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல மனிதர். குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'நேரம் இருக்கும்தானே' பல நாள் எனக்குள் கிடந்தது.

செய்திமடல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். எட்டுப் பக்கம், றோணியோ அச்சுப்பொறியில் உருட்டி எடுத்தது. ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த வடிப்பு நிரல், எந்தத் தொழிற்சாலை எத்தனை மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்தது, யாருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது என்று முதல் பக்கங்களில் இருக்கும். மிச்சம் எல்லாம் பழைய மாணவர்களின் செய்திகள். மடலோடு ஒரு படிவமும் அனுப்புவோம். அவர்கள் அதை நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். ஒருவருக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, ஒருவர் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார், ஒருவர் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். நான் ஒருநாளும் பார்த்திராத மனிதர்களின் கல்யாணமும் வீடு மாறலும் எனக்குத் தெரிந்திருந்தன. என்னுடைய வீட்டில் மழைக்குக் கூரை ஒழுகுகிறதா என்று தெரியாது. தபால் கட்டு வந்ததும் முதலில் முத்திரைகளைத்தான் பார்ப்பேன். ஊர்த் தபால் இருக்காது.

கடைசிப் பக்கத்தில் 'முகவரி தெரியாதவர்கள்' என்று ஒரு பட்டியல் வரும். யாருக்கு அனுப்பிய மடல் திரும்பி வந்ததோ, அவர்களுடைய பெயர்கள். தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று கீழே ஒரு வரி இருக்கும்.

ஒரு பிற்பகல் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பழுப்பு உறை. வாசலில் ஒரு மணித்தியாலம் நிறுத்திவைத்து விசாரித்துத்தான் உள்ளே விட்டிருந்தார்கள்.

"மிஸ்தாங்களா தமிழ் மிஸ்ஸு?"

"ஓம் ஐயா. இருங்கோ."

அவர் உட்காரவில்லை. உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பட்டமளிப்பு அங்கியோடு ஓர் இளைஞர், நெற்றியில் திருநீறு.

"நம்ம மகனுங்க. இங்கதான் படிச்சான். தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து வீடுகள்லருந்து இஞ்சினியரா வந்தது அவன் ஒருத்தன்தான்."

மகன் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார். தாய் இறந்த பிறகு தகப்பனைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்து கொட்டாஞ்சேனையில் தன்னோடு வைத்திருந்தார். தகப்பன் சும்மா இருக்க முடியாமல் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்டில் வாசலில் நின்று லொறி இலக்கங்களை எழுதும் வேலை பார்த்தார். பதினொரு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, வேலை முடிந்து வந்த மகனைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பையில் வேலை இடத்து நோட்டுப்புத்தகம், அதில் இரசாயனப் பெயர்கள். பஸ்ஸில் இருந்த ஒருவர் வந்து சொன்னதுதான் கடைசிச் செய்தி.

"எல்லா ஸ்டேசனுக்கும் போனேங்க. இங்க இல்ல, இங்க இல்லன்னுதான் சொல்றாங்க. ஒங்க புத்தகம் அவன் பேருக்கு இன்னும் வருது மிஸ். கீழ் வீட்டு ஆளு வாசிச்சுச் சொன்னாரு. யாரு எங்க இருக்காங்கன்னு அதுல போடுவீங்களாம்ல? நம்ம புள்ளையும் எங்க இருக்கான்னு கேட்டுப் போட முடியுங்களா?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினேன். பிறகு தலைவரின் அறைக்குப் போனேன்.

அவர் கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"காணாமல் போய்விட்டார் என்று அச்சடித்தால் மடல் அடுத்த நாளே நின்றுவிடும். உம்முடைய வேலையும் போய்விடும். என்னுடையதும் போகலாம்."

"தெரியும் சேர்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த மாணவரை அவருக்கு நல்ல நினைவு இருந்தது. "பம்ப் பழுதானால் எங்கள் ஆட்களுக்கு முதல் அவன்தான் கழற்றிவிடுவான்" என்றார். பிறகு கேட்டார்:

"அவருடைய முகவரி எங்களுக்குத் தெரியுமா?"

"ஓம் சேர். கொட்டாஞ்சேனை. மடல் அங்கேதான் போகிறது."

"அங்கே அவர் இருக்கிறாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் எங்களுக்கு முகவரி தெரியாது. கடைசிப் பக்கத்தில் போடும்."

பட்டியலில் ஏழாவது பெயராக அவரைப் போட்டேன். ஸ்டென்சில் தாளில் அந்தப் பெயரைத் தட்டும்போது விரல் பிழைத்து, சிவப்பு மையால் திருத்தி மறுபடி தட்டியது ஞாபகம்.

மடல் போன மூன்றாம் கிழமை பதில்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் அவருடைய வகுப்புச் சிங்கள நண்பர்கள். ஒருவருக்கும் அவர் இருக்கும் இடம் தெரியவில்லை. ஆனால் ஒரு படிவத்தில் ஏதாவது எழுத வேண்டும்தானே, அதனால் தெரிந்ததை எழுதியிருந்தார்கள். பரீட்சைக்கு முதல் நாள் தனக்கு வெப்பப் பரிமாற்றம் முழுவதையும் சொல்லித் தந்தார் என்று ஒருவர். விடுதியில் அடுப்பு வைக்கத் தடை இருந்தும் வாளித் தண்ணீரில் கம்பிச்சுருள் போட்டு முட்டை அவித்தார் என்று இன்னொருவர். முகவரி கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தகப்பனுக்குச் சனி அரைநாள் வேலை. ஒரு பழைய மாடி வீட்டின் பின்பக்கத்தில் ஒற்றை அறை. இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்துவிட்டு எனக்கு எதிரே கீழே உட்கார்ந்தார். கதிரையில் இருங்கோ என்றாலும் கேட்கவில்லை. நான் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். முட்டை அவித்த கதையில் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு சனியும் போனேன். புதுக் கடிதம் இல்லாவிட்டாலும் போனேன். பழையதையே இன்னொருமுறை சொல்லச் சொல்லுவார். "ஒங்க தமிழு ரேடியோவுல பேசுற மாரி இருக்குங்க மிஸ்" என்பார். புறப்படும்போது, "ஊர்லருந்து கடுதாசி வந்துச்சுங்களா?" என்று தவறாமல் கேட்பார். கொழும்பில் என்னிடம் அதைக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கு உதவி செய்யப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இரவு சட்டையைத் தேய்த்து வைக்கும்போது அது முழு உண்மை இல்லை என்று தெரியும்.

மடல் போன நாலாவது மாதம் ஒரு நீல உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. முத்திரையில் தெற்கே ஒரு ஊரின் பெயர். உள்ளே அரைத் தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. 'உங்கள் பட்டியலில் 7ஆவது ஆளின் தற்போதைய முகவரி' என்று எழுதி, அதற்குக் கீழே கைதிகளை வைக்கும் ஒரு மறியல்சாலையின் பெயர். கையெழுத்து இல்லை.

தலைவரிடம் தாளைக் கொண்டு ஓடினேன். அவர் அன்றே ஒரு சட்டத்தரணி நண்பரைக் கூப்பிட்டார். இந்த மாணவரை நான் அறிவேன், அந்த நோட்டுப்புத்தகத்தில் இருப்பவை பெயின்ற் செய்யத் தேவையான பொருட்கள்தான் என்று தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்று கிழமையில் மகனைப் பார்க்கத் தகப்பனுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை நான் போனபோது அவர் வாசலிலேயே நின்றார்.

"பாத்தேங்க மிஸ். இருக்கான். மெலிஞ்சு போய்ட்டான். ஆனா இருக்கான்." அதையே மூன்று தரம் சொன்னார். அன்று கடிதம் ஒன்றும் வாசிக்கவில்லை. இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

உறையை எழுதியது யார் என்று அது வந்த அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு, வரைபடத்தில் எழுதுவதுபோல் நிமிர்ந்த எழுத்து. பழைய படிவங்களைப் புரட்டியதில் ஒன்றில் அதே எழுத்து இருந்தது. மகனுடைய வகுப்புத் தோழர் ஒருவர். அரச கட்டடங்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் பகுதியில் வேலை என்று எழுதியிருந்தார். படிவத்தைக் கோவையில் திருப்பி வைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. தலைவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் துறையில் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அந்தத் தோழர் வந்தார். தேநீர் மேசையருகே தனியாக நின்ற என்னிடம் வந்து சிங்களத்தில் கேட்டார்.

"கடைசிப் பக்கப் பட்டியல் இந்தமுறை சின்னதாக இருக்கிறதே?"

"ஒருவர் கிடைத்துவிட்டார்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மெல்லிய குரலில் சொன்னார். "நான் மறியல்சாலைத் தண்ணீர்த் தாங்கியில் குளோரின் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியோடு வரிசையில் நின்ற கைதிகளில் ஒருவன், 'ரீடிங் எவ்வளவு மச்சான்?' என்று கேட்டான். குரலிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் காவலாளி நின்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. பிறகு உங்கள் மடல் வந்தது. அதைப் பார்த்த பிறகும் எழுதச் சில மாதம் போனது."

 "எழுதினீர்கள்தானே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

குற்றப்பத்திரிகை ஒன்றும் இல்லாமல், முகவரி கிடைத்துப் பத்து மாதம் கழித்து மகன் வெளியே வந்தார். திருச்சியில் இருந்த பெரியப்பா வீட்டுக்குத் தகப்பனும் மகனும் போய்விடுவதென்று முடிவாயிற்று. அதற்குச் சான்றிதழ்கள் தேவை. மகன் துறைக்கு வந்தார். படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் தோள்கள் உள்ளே ஒடுங்கியிருந்தன. எனக்கு அவரை எவ்வளவோ காலம் தெரிந்ததுபோல் இருந்தது. அவருக்கு நான் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஆள்.

"டிரான்ஸ்கிரிப்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும்?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இண்டைக்கே தரலாம். இருங்கோ."

தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்தேன். முட்டை அவித்தது, வெப்பப் பரிமாற்றம் எல்லாம் வாய்வரை வந்தன. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். தகப்பன் என்னைப்பற்றி அவரிடம் சொல்லியிருக்கக்கூடும். எதையும் கேட்கும் நிலையில் அவர் இல்லை என்பது எனக்கு விளங்கியது. 

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மகன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தகப்பன் என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார்.

"மிஸ்ஸும் சீக்கிரமா அம்மா அப்பாவப் போயி பாத்துருங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவருடைய கைகளைப் பிடித்து இறக்கினேன். பஸ் வந்தது.

திருச்சியிலிருந்து தகப்பனின் கடிதம் ஒன்று வந்தது. மகன் ஒரு பொலிடெக்னிக்கில் படிப்பிக்கிறார், வெயில் தாங்க முடியவில்லை, அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். பதில் போட்டேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. மகன் கிடைத்தது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோசம் என்று சொல்லித் தீராது. ஆனாலும் அவர்கள் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கீழே அன்ரிக்கு எல்லாம் கேட்கும்.

மாலையில் கீழே இறங்கி வந்தபோது அவர் கேட்டார்.

"இண்டைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போகேல்லையோ பிள்ளை?"

"அங்க இப்ப ஒருத்தரும் இல்லை அன்ரி."

"அப்ப நல்லதாப் போச்சு. இந்தக் காலத்தில அங்க இங்க அலையிறது என்னத்துக்கு?"

சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் மேலே போய் விளக்கைப் போட்டு, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை எடுத்தேன்.