மகளுக்கு அவமானம் நேர்ந்ததா என்ற விசாரணை

மகள் பத்தாம் வகுப்பு பாஸானதும் பிளஸ் ஒன் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். என் தாத்தா நகரசபைத் துப்புரவு வேலைக்காக மட்டாஞ்சேரிக்கு வந்தவர். நாங்கள் தமிழர்கள், பட்டியல் சாதி. கணவர் இடக்கொச்சிக்காரர், மலையாளி. அவருடைய சாதி எங்களுடையதைவிட மேலே என்பது அவர் வீட்டாரின் கருத்து. அரசாங்கமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது.

வில்லேஜ் ஆபீஸில், அம்மாவின் சாதியைக் காட்டினால் மட்டும் போதாது என்றார்கள். கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை என்றால், அந்தச் சாதியால் வரும் அவமானத்தை அவளும் அனுபவித்திருக்க வேண்டுமாம். ஆள் வந்து விசாரிப்பார்களாம்.

அடுத்த வாரம் ஒரு பெண் கிளார்க் ஃபைலோடு வந்தார். முதலில் எதிர்வீட்டில் விசாரித்தார். எதிர்வீட்டுக்காரர் பழக்கடை வைத்திருப்பவர். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "நல்ல குட்டியாணு மேடம். ஒரு பிரச்னையும் இல்லா. எல்லார்க்கும் வலிய இஷ்டமாணு" என்று, எல்லாருக்கும் அவளை ரொம்பப் பிடிக்கும் என உரக்கச் சொன்னார். கிளார்க் அதை எழுதிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரச்னை இல்லையென்றால் சான்றிதழும் இல்லை.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சாயா கொடுத்தேன். முழுதாகக் குடித்தார். அதைக் கவனிக்காமலிருக்க என்னால் முடியவில்லை.

"குட்டிக்கு எந்தெங்கிலும் புத்திமுட்டு உண்டாயிட்டுண்டோ?" என்று கேட்டார். சாதி சொல்லி யாராவது ஒதுக்கியிருக்கிறார்களா என்பது கேள்வி.

பதினாறு வருடமாக அதெல்லாம் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கணவரைப் பார்த்தேன். அவர் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். கணவரின் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோன பால்காய்ச்சலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்டீல் டம்ளரில் பாயசம் கொடுத்தார்கள். ஐந்து வயதான இவளுக்கு மட்டும் பேப்பர் கப். அதில் பூப்போட்டிருந்ததால், உனக்காகவே வாங்கினதுடி என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

கிளார்க் எழுதினார். "வேறெந்தெங்கிலும்?"

எனக்கு வேறு ஞாபகம் வரவில்லை. ஒன்று போதுமா, எத்தனை வேண்டும் என்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணு இருக்கு மேடம்" என்றாள் மகள்.

எட்டாம் வகுப்பில் கூடப் படித்த கூட்டுகாரி வீட்டுக்கு நோட்டு வாங்கப் போவாளாம். உள்ளே கூப்பிட மாட்டார்களாம். வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள், நோட்டு ஜன்னல் கம்பி வழியாக வரும். அவள் கிளம்பித் திரும்பிப் பார்த்தால், அந்தப் படியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். "மூணு தடவை பார்த்தேன். அப்புறம் போகல."

"கூட்டுகாரிடெ பேரு?"

"அது வேணாம் மேடம். அவ பாவம்."

கிளார்க் சற்று யோசித்து, 'ஒரு வீட்டில்' என்று எழுதினார். "மதி. இது மதி", போதும் என்று ஃபைலை மூடினார். செருப்பு மாட்டும்போது, நன்றாகப் படிக்கச் சொன்னார்.

அவர் போன பிறகும் கணவர் எழுந்திருக்கவில்லை. "மோளே, நீ எந்தா எங்களோடு பறயாஞ்ஞது?" என்று, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்பதை மட்டும் கேட்டார்.

"நீங்களும் என்கிட்ட பறஞ்சில்லல்லோ அச்சா" என்றாள். குரலில் கோபமில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

மூன்று வாரத்தில் தாலுகா ஆபீஸிலிருந்து சான்றிதழ் கிடைத்தது. ஒரே பக்கம். எங்கள் சாதிப் பெயர், கையெழுத்து, சீல். கணவர் தோப்பும்படிக்குப் போய்ப் பத்து நகல் எடுத்துவந்தார். மகள் காமர்ஸ் சேர்ந்தாள்.

அந்த ஓணத்துக்கு அண்ணன் போன் செய்து கூப்பிட்டார். இவர், "இவிடெ நல்ல மழையா சேட்டா, வரான் பற்றில்லா" என்று, மழையால் வர முடியாதெனச் சொல்லிவிட்டு வைத்தார். எங்கள் தெருவில் சுள்ளென்று வெயில். அண்ணன் வீடு இருக்கும் இடக்கொச்சி பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அங்கேயும் வெயிலாகத்தான் இருந்திருக்கும்.