குழந்தைப் பேரரசருக்கு விட்டுவைத்த இடைவெளி

இதைச் சொன்னால் என் இணைய ஒலிக்கதை நேயர்களே நம்ப மாட்டார்கள். மொத்தமே நாற்பது பேர். அதில் பாதி என் சொந்தக்காரர்கள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். பட்டப்பகலில், துடியலூரில், பேக்கரிக்கு மேலே ‘ஒலிப்பதிவுக்கூடம்’ என்று நான் கூசாமல் சொல்லிக்கொள்ளும் என் அறையில்.

அன்று ஜப்பான் கதை. அரண்மனை அதிகாரத்துக்காக டைரா, மினமோட்டோ என்ற இரண்டு பெருங்குடும்பங்கள் மோதிக்கொண்ட காலம். டைராக்கள் தங்கள் வீட்டுப் பெண்ணின் பிள்ளை அன்டோகுவை, பால் மணம் மாறும் முன்பே பேரரசராக்கினார்கள். கடற்போரில் அவர்கள் தோற்றபோது அவருக்கு ஆறு வயது. எதிரி கையில் சிக்கவிடாமல் பாட்டி அவரைத் தூக்கிக்கொண்டு கடலில் குதித்தார். எங்கே போகிறோம் என்று கேட்ட பிள்ளையிடம், அலைக்கு அடியிலும் ஒரு தலைநகர் இருக்கிறது என்றாராம்.

பாட்டியாகப் பேச வந்தவர் சாராள். சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர். போன வருடம் அவருடைய மகன் ஸ்டீவ் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். அவனுக்கும் ஆறு வயது. தெரிந்ததும் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னேன். அவர் விடவில்லை.

“அவன் போறப்ப நான் பக்கத்துல இல்லீங்க. இதையாவது நான் பேசறேனுங்க.”

குழந்தையின் வசனத்தைப் பிறகு நானே கீச்சுக்குரலில் பேசிச் சேர்ப்பதாக ஏற்பாடு. அந்த இடத்தில் மட்டும் சும்மா இருங்கள் என்றேன்.

மின்விசிறியை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். மணி மூன்றரை.

“வாங்க சாமி, போலாமுங்க” என்று தொடங்கினார். எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கொஞ்சுவது இப்படித்தான். ஜப்பான் அரண்மனை அப்படியே துடியலூருக்குக் குடிவந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இடைவெளி விட்டார். கொஞ்சம் நீளமாக... தலையைச் சாய்த்து, எதையோ கேட்பதுபோல.

பிறகு, தாளில் இல்லாததைச் சொன்னார்.

“இல்லீங்க சாமி. பாப்பா ஊட்டுல இருக்குதுங்க. அதைப் பாக்கோணுமல்லங்க. நீங்க பயப்படாம போங்க.”

பாப்பா என்றது அவருடைய மூன்று வயது மகளை. கதைப்படி பாட்டியும் கூடவே போகவேண்டும். சரித்திரத்தையே மாற்றிவிட்டீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன்...

கணினித் திரையைப் பார்த்தேன்.

யாரும் பேசாத அந்த இடைவெளியில், ஒலிக்கோடு துள்ளியிருந்தது.

ஓட்டிக் கேட்டேன்.

சளக்... சளக்...

தண்ணீர்.

பிறகு ஒரு பையன் குரல்.

“நீங்களும் வாரீங்களாம்மா?”

சாராள் அழவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். இன்னொரு தரம். தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

“இப்படித்தான் இருக்குமுன்னு நெனச்சிருந்தேனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் ஆரோக்கியதாஸைப் பார்த்தேன். போனை அவர் காதில் வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டி, ஸ்டீவ் குரல்தானா என்று கேட்டேன்.

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு எப்படிங்க தெரியும்...? அவனுக்குப் பொறந்ததுல இருந்தே பேச்சு வராதுங்க.”